முத்துப் பேரரசும் காப்பிக்காரர்களும்

கப்பலில் வேலை பார்க்கிற அண்ணன்மார் லீவில் வரும்போது தங்கைக்கு சென்ட் பாட்டிலோ நைலான் சேலையோ கொண்டு வருவார்கள். என் அறைத்தோழியின் அண்ணன் ஒரு யுத்தத்தைக் கொண்டு வந்தார். தட்டையான ஒரு அட்டைப் பெட்டி. திறந்தால் தேன்கூடு மாதிரி ஆறு பக்கக் கட்டங்கள் போட்ட பெரிய வரைபடம், நகத்தளவு அட்டைத் துண்டுகள் ஒரு குவியல், எங்கள் ஆபீஸ் சர்வீஸ் ரூல்ஸைவிடத் தடிமனான ஒரு விதிப் புத்தகம். ஐரோப்பாவில் எப்போதோ நடந்து முடிந்த ஒரு சண்டையை இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி நடத்திப் பார்க்கலாமாம்.

எழுபதுகளின் பின்பாதி. திருவனந்தபுரத்தில், தம்பானூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது எங்கள் பெண்கள் விடுதி. நான் திருநெல்வேலியிலிருந்து வந்த டைப்பிஸ்ட். அறைத்தோழி கொல்லத்துக்காரி, ஓர் அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். பெண்ணாக இருந்தாலும் பதவியின் பெயர் அதுதான். அவளுடைய தமிழ் சினிமா பார்த்துக் கற்றது, என்னுடைய மலையாளம் பஸ்ஸில் நின்று கற்றது. இரண்டையும் கலந்து பேசி நாங்கள் நன்றாகவே சண்டை போட்டுக்கொள்வோம்.

விதிப் புத்தகத்தை அவள் ஒரு மாதம் படித்தாள். பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை விளையாடினோம். பாதி அட்டைகள் கப்பலிலேயே நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஊர்ப் பெயர்கள் எதுவும் என் வாயில் நுழையவில்லை. இரண்டாம் ஞாயிறு மத்தியானம் நான் எழுந்து விட்டேன்.

"என்னடி?" என்றாள்.

"இது ஏற்கெனவே முடிஞ்சுபோன சண்டை. யாரு ஜெயிச்சாங்கன்னு உலகத்துக்கே தெரியும். இப்ப நான் ஜெயிச்சா மட்டும் யாரு நம்புவா?"

அவள் யோசித்தாள். யோசிக்கும்போது பென்சிலைக் காதில் செருகிக்கொள்வாள். "அப்போ நடக்காத யுத்தம் ஒண்ணு நம்ம உண்டாக்கலாம்" என்றாள். "இங்கே வேண்டாம். மேலே."

மேலே என்றால் வானம். திருவனந்தபுரத்தில் அது பெரிய விஷயமில்லை. தும்பா பக்கத்திலிருந்து அவ்வப்போது ராக்கெட் விடுவார்கள். சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால் மேற்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகை கலைந்துகொண்டிருக்கும். "நாளைக்கு மழை வருமா?" என்று கேட்டுக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு இறங்கி விடுவோம்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். வரைபடமும் விதிகளும் அவள் பொறுப்பு. யார் இந்த ஜனங்கள், எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்கிற சரித்திரம் என் பொறுப்பு. நான் மூவாயிரமாவது ஆண்டில் தொடங்கினேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"மூவாயிரமோ? ஆயிரம் வருஷம் பழைய அம்பலத்தில் நம்ம நேத்து தொழுதிட்டு வந்தோம். செருப்பு விடற இடம்கூட மாறியிட்டில்ல. ஆயிரம் வருஷம் ஒரு தூரமாடி?"

நியாயமாகத்தான் பட்டது. ஒன்பதாயிரத்து நானூறுக்குப் போனேன்.

கப்பல்களுக்குப் பொத்தான் வாங்குவதென்று முடிவாகி, ஒரு சனிக்கிழமை சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். தையல் சாமான்கள் மொத்தமாக விற்கிற ஒரு கடை. முதலாளி எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணாச்சி. கலந்து கட்டிக் கால் கிலோ பொத்தான் வேண்டும் என்றதும் கேட்டார்: "எத்தனை சட்டைக்கும்மா?"

"சட்டைக்கு இல்ல அண்ணாச்சி."

"பின்னே?"

நான் விழிப்பதற்குள் அறைத்தோழி சொல்லிவிட்டாள்: "யுத்தத்துக்கு."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யுத்தம்னா உறுதியா இருக்கணும்லா? இந்தாங்க, கோட்டு பட்டன் கொஞ்சம் சேத்துப் போடுதேன்" என்று ஒரு கை அள்ளிப் போட்டார்.

அந்தக் கை அள்ளியதில்தான் என் சரித்திரம் தீர்மானமானது. கட்டிலில் கொட்டிப் பிரித்தபோது காப்பி நிறக் கோட்டுப் பொத்தான்கள் எக்கச்சக்கமாக இருந்தன. முத்துப்போல மினுங்குகிற சட்டைப் பொத்தான்கள் கொஞ்சம்தான். முதுகில் வளையம் வைத்த உருண்டைப் பொத்தான்கள் ஒரு பிடி, எங்கே வைத்தாலும் நேராக நிற்காமல் ஆடின. சிவப்பில் ஒன்றே ஒன்று, எப்படியோ உள்ளே விழுந்திருந்தது.

முத்து ஏன் குறைவு? பழைய வம்சம், நீண்ட ஆயுள், பிள்ளைகள் அருமையாகப் பிறக்கிற ஜனங்கள், ஒரு காலத்தில் எல்லா நட்சத்திரத்தையும் ஆண்டவர்கள் என்று எழுதினேன். காப்பி ஏன் அதிகம்? முத்துக்காரர்கள் தொலைதூரக் கோள்களைத் தோண்டுவதற்கு அனுப்பிய கூட்டம், அங்கே பெருகி, இனி உத்தரவு கேட்க மாட்டோம் என்று நிமிர்ந்து நின்றுவிட்டது. சிவப்பு ஒற்றைப் பொத்தான் முத்துப் பேரரசியின் சொந்தக் கப்பல். நாலு துளைப் பொத்தான் நாலு கட்டம் போகும், இரண்டு துளை இரண்டு கட்டம் என்று அவள் விதி போட்டாள். உடனே நான் எந்திரம் நாலு, எந்திரம் இரண்டு என்று எழுதிக்கொண்டேன்.

வரைபடத்தை, அவள் அலுவலகத்தில் பிரிண்ட் கெட்டுப்போய்க் கழித்துப்போட்ட பெரிய தாள்களின் பின்பக்கத்தில் இந்தியன் இங்கில் வரைந்தாள். இடதுபக்கக் கீழ் மூலையில் மை காய்வதற்குள் என் முழங்கை பட்டு ஒரு பெரிய தீற்றல் விழுந்தது. அவள் அழாத குறை. அன்று மாலையே, அந்த இடத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறியதென்றும், அதற்குள் போகிற கப்பலுக்குத் திசை தெரியாதென்றும், அதன் பெயர் கலங்கல் வெளி என்றும் மூன்று பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. கேட்டு முடித்து, "அப்போ அது வேணும்னு போட்டதுதான்" என்று தேறிவிட்டாள்.

முத்துப் பேரரசி போர்ப் பிரகடனத்தை மூன்று கார்பன் வைத்து டைப் அடிக்கச் சொன்னாள் என்று நான் எழுதியிருந்ததற்கு மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒன்பதாயிரத்திலும் கார்பன் பேப்பரோ!"

"அரசாங்கம்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் இருக்கும்" என்றேன். எனக்கு அதில் இப்போதும் அபிப்பிராய பேதம் இல்லை.

இப்படி இரண்டு மாதம் போயிற்று. அவள் முத்து, நான் காப்பி. அந்த அறையில் மூன்றாவது கட்டில் ஒன்று உண்டு. அதில் இருந்தவள் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பெண். எங்களைவிட இளையவள். ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க ரத்தத்தைப் பார்த்துவிட்டு வருவாள். ஞாயிறன்று தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்து நாங்கள் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்ப்பாள். பேச மாட்டாள். ஒரு நாள் பேசினாள்.

"அக்கா, இந்த உலைநிலாவுல இருந்துதான் எல்லாக் கப்பலுக்கும் எரிபொருள் போகுதுன்னு எழுதியிருக்கீங்களே. அதை யாரு எடுக்கிறாங்க?"

"அங்க உள்ள ஜனங்க."

"அவங்க எங்க இருந்து வந்தாங்க?"

நான் காப்பிப் பொத்தான்களைப் பார்த்தேன். அறைத்தோழியைப் பார்த்தேன். பேரரசியின் கொள்ளுத் தாத்தா வரை எழுதியிருந்தேன். எரிபொருள் நிலாவில் ஓர் ஆளைக்கூட நான் இறக்கியிருக்கவில்லை.

"நான் சொல்லட்டுமா?" என்றாள் அவள். சொன்னாள். மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒரு கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், வரிசையாகக் கட்டின லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறை, காலையில் சங்கு ஊதினால் எழுந்து போக வேண்டும், சொந்த ஊர்க் கோளின் பெயர் பாட்டுகளில் மட்டும் இருக்கிறது. குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. எங்கள் வீட்டில் கிணறு எந்தப் பக்கம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் விறுவிறுவென்று எழுதினேன். ஆடுகிற உருண்டைப் பொத்தான்கள் எல்லாம் அவளுக்குப் போயின. "உங்களுக்கு எத்தனை கட்டம் நகரணும்?" என்று அறைத்தோழி கேட்டதற்கு, "நாங்க எங்க நகர்றது? இருக்கோம், அவ்வளவுதான்" என்றாள்.

ஆனால் அடுத்த ஞாயிறே நகர்ந்துவிட்டாள். அன்று முத்துப் படை என் தலைநகரத்துக்கு மூன்று கட்டம் பக்கத்தில் வந்திருந்தது. இன்னும் ஒரு முறை எரிபொருள் நிரப்பினால் கதை முடிந்தது. அறைத்தோழி பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இன்னைக்கு லோடு ஏத்த மாட்டோம்."

"எந்து?"

"பந்த்."

மாதம் ஒரு பந்த் நடக்கிற ஊரில் இருந்துகொண்டு அந்த வார்த்தை புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அறைத்தோழி விதிநோட்டைப் புரட்டினாள். "அங்ஙனெ ஒரு ரூல் இல்லல்லோ!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் செய்தது இதுதான்: சரித்திர நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, "அன்று காலை சங்கு ஊதியும் உலைநிலாவில் ஒருவரும் எழவில்லை" என்று எழுதி, சத்தமாக வாசித்தேன். உலைநிலாக்காரர்கள் மேல் எனக்கு உண்மையான அன்பு வந்திருந்தது. என் தலைநகரமும் பிழைத்தது. இரண்டில் எது முதல் காரணம் என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

அறைத்தோழி பகடையைக் கீழே வைத்தாள். "சரித்திரம்னா நடந்து கழிஞ்சு எழுதணும். நடக்கறதுக்கு முன்னே எழுதினா அது சதி" என்றாள். வரைபடத்தை மடித்து, பொத்தான்களை பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள்.

அதன்பிறகு இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அறையில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுத முடியாமல், நான் நோட்டை எடுத்துக்கொண்டு கீழே சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்து எழுதினேன். ஒரு நாள் நோட்டைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில், பெட்டியில், ஆபீஸ் மேஜையில் எங்குமே இல்லை. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீதானே எடுத்தே?" என்றேன். "எடுத்துக் கிழிச்சுப் போட்டுட்டே."

அவள் இரண்டு வாரத்து மௌனத்தைக் கலைத்தாள். "எனக்குத் தமிழ் வாயிக்கத் தெரியாது. இருநூறு பக்கம் கிறுக்கினதை எடுத்து நான் எந்து செய்யான்? பஜ்ஜி பொதியானோ?" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டாள். போனக்காட்டுப் பெண் என்னைப் பார்த்து, "அக்கா, அது தப்பு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து திரும்பியதும் எங்கள் மூன்று பேரையும் வார்டன் கூப்பிடுவதாகச் செய்தி வந்தது. வார்டன் ரிட்டயரான பள்ளி ஆசிரியை. எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். ஆறரைக்கு கேட்டைப் பூட்டுவார். ஆறு முப்பத்தொன்றுக்கு வந்தவளுடைய அப்பாவுக்குக் கடிதம் போவதும் உண்டு. அவர் மேஜைமேல் என் நோட்டு இருந்தது. பக்கத்தில் சமையல்கார அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம், தமிழும் மலையாளமும் ஒன்றுபோல வரும்.

விஷயம் இதுதான். சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சில் நான் விட்டுப் போன நோட்டு டீச்சர் கையில் கிடைத்திருக்கிறது. நட்சத்திரக் குறிகள், அம்புகள், வட்டம் போட்ட இடங்கள். எமர்ஜென்சி முடிந்தும் அந்தப் பயம் போகாத காலம் அது. டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தமிழ் தெரியாததால் சமையல்கார அக்காவைக் கூப்பிட்டு வாசித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அவள் திறந்த பக்கத்தில், தலைநகரை மூன்று பக்கமும் வளைத்து அரண்மனையைப் பிடிப்பது எப்படி என்று இருந்திருக்கிறது.

"போலீஸைக் கூப்பிடலாம் என்னுதான் நினைச்சது" என்றார் டீச்சர். "பின்னே இவள் சொன்னாள், டீச்சர், இது ஒன்பதாயிரத்து நானூறாமாண்டாக்கும், நமக்கு இனியும் சமயம் உண்டு என்னு."

சமையல்கார அக்கா சேலை நுனியால் வாயை மூடிக்கொண்டாள். நாலு நாளாக மத்தியானம் காய் நறுக்குகிற நேரத்தில், முதல் பக்கத்திலிருந்து தொடங்கி அவள் மலையாளத்தில் சொல்லச் சொல்ல டீச்சர் கேட்டிருக்கிறார். டீச்சர் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தைத் தட்டினார்.

"ஆ நிலாவிலெ பாவங்கள் சமரம் தொடங்கி. பின்னே எந்தாயி? பாக்கி எவிடே?"

நிலாவின் ஏழை ஜனங்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்களே, மீதி எங்கே என்று கேட்கிறார். மீதியை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை. அதற்குள் சமையல்கார அக்கா தன் புகாரைச் சொன்னாள்: "ஏ பிள்ளே, கப்பலுக்கு ஐநூறு பேருன்னு எழுதியிருக்கே. அம்புட்டுப் பேரும் ஒரு நேரமாவது கஞ்சி குடிச்சாவளா? எங்கயும் இல்லியே!"

வெளியே வந்ததும் மாடிப்படியில் அறைத்தோழியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற வார்த்தை எங்களுக்குள் பழக்கமில்லை. "நான் சொன்னது தப்பு. நோட்டு விஷயமும் தப்பு, அந்த பந்த் விஷயமும் தப்பு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு, "பஜ்ஜி பொதிஞ்சிருந்தா உன் சரித்திரத்தை நாலு பேரு வாயிச்சிருப்பாங்க" என்றாள். மூன்று பேரும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம்.

அந்த வாரமே அவள் ஒரு புதுப் பக்கம் விதி எழுதினாள். உலைநிலாவில் வேலைநிறுத்தம் நடக்கலாம். நடக்குமா, எத்தனை முறை நீடிக்கும் என்பதைப் பகடை சொல்லும். சரித்திரக்காரி அன்றைய ஆட்டம் முடிந்தபிறகுதான் பேனாவைத் திறக்கலாம். இந்தக் கடைசி வரியை மலையாளத்தில் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

மழைக்காலம் முழுக்க சாப்பாட்டுக் கூடத்தில் ஆடினோம், டீச்சரின் அனுமதியோடு. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். அவர் உலைநிலாவின் கட்சி. ஒரு நாள் வேலைநிறுத்தத்தால் ஒன்றும் நடக்காது, ஒரு மாதமாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்று போனக்காட்டுப் பெண்ணுக்கு யோசனை சொல்வார். "பகடை விழணுமே டீச்சர்" என்பாள் அவள். சமையல்கார அக்காவின் வற்புறுத்தலால் ஒவ்வொரு படைக்கும் ஒரு சமையல் கப்பல் வந்தது. அது அழிந்தால் படை அடுத்த முறை நகர முடியாது. அறைத்தோழி சேர்த்த விதிகளிலேயே அதுதான் நன்றாக வேலை செய்தது.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் அறைத்தோழிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்குக் கோழிக்கோட்டில் வேலை. அவளும் மாற்றலுக்கு எழுதிப் போட்டாள், சீக்கிரமே கிடைத்தும் விட்டது. யுத்தத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாதென்று, கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு காலைப் பலகாரம் முடிந்த கையோடு வரைபடத்தை விரித்தோம்.

அன்று பகடை அவளோடு இருந்தது. உலைநிலாவில் இரண்டு தடவை வேலைநிறுத்தத்துக்குப் போட்டுப் பார்த்தாள் போனக்காட்டுப் பெண். இரண்டு தடவையும் ஒன்று விழுந்தது, ஒரே முறையில் அடங்கிப் போயிற்று. என் கப்பல்கள் கலங்கல் வெளிக்குள் போய் மாட்டிக்கொண்டன. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சிவப்புப் பொத்தான் என் தலைநகரத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. பேரரசி ஜெயித்துவிட்டாள். எந்தத் தில்லுமுல்லும் இல்லாமல், விதிப்படி.

அறைத்தோழி கையைத் தூக்கவில்லை. இத்தனை மாதம் ஆசைப்பட்டது கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் எழுந்து நாற்காலியைச் சுவரோரம் போட்டுவிட்டுப் போனார். மத்தியானம் பரிமாறும்போது அறைத்தோழிக்குப் பப்படம் ஒன்றுதான் விழுந்தது, எங்களுக்கு இரண்டு. சமையல்கார அக்காவும் எந்தக் கட்சி என்று அப்போதுதான் தெரிந்தது.

சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து நோட்டைத் திறந்தேன். நான் நேசித்த இரண்டு கூட்டமும் தோற்றிருந்தன. அதை எழுதியாக வேண்டும். முதலில் பேரரசிக்கு மனம் இளகியது என்று ஒரு வரி எழுதினேன். பகடை அப்படி எதுவும் சொல்லவில்லையே என்று அடித்துவிட்டேன். உலைநிலாவில் மறுநாள் காலை சங்கு ஊதியது, எழுந்து போனார்கள் என்று எழுதினேன். தலைநகரத்தில் காப்பிக்காரர்கள் வரிசையில் நின்று பெயர் பதிந்தார்கள், மூன்று பிரதி. எல்லாக் கப்பலிலும் அன்று ஒரு நேரம் கஞ்சி கொடுத்தார்கள். இரண்டரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. இதுவரை எழுதியதில் அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. ஏதோ உண்மையில் நடந்ததுபோலவும் இருந்தது.

சத்தமாக வாசித்தேன். அறைத்தோழி பெட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், "இவ்வளவு கஷ்டப்படுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் கொஞ்சம் மெல்ல வந்திருப்பேன்" என்றாள்.

போனக்காட்டுப் பெண் ஈரத் தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டாள்.

"சரியாத்தான் இருக்கு அக்கா. இப்படித்தான் நடந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, துவைக்க வேண்டிய துணிகளை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கீழே குழாயடி காலியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.